கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு செருப்பு

“ரீச்சர், அது எண்ட செருப்பு.”

தனுசியா இதைச் சொன்னபோது நான் அவளுடைய காலைத்தான் பார்த்தேன். வாவிக்கரையில் இருக்கும் அந்தச் சூழல் கல்வி நிலையத்துக்குள் செருப்போடு போக முடியாது. எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தோம். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். முப்பத்தொரு பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு வந்த ஆசிரியைக்கு வேறு நினைவு வராது.

ஆனால் அவள் வாசலைக் காட்டவில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுத்திருந்தது. பெட்டிக்கு மேலே பெரிய எழுத்தில் ‘வாவியின் எதிரிகள்’ என்று இருந்தது. உள்ளே ஒரு வலையை அழகாக மடித்து வைத்து, அதன் கீழே ‘தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை’ என்று எழுதியிருந்தார்கள்.

வலையின் மேற்கயிற்றில் மிதப்புக்காகப் பழைய றப்பர் செருப்புகளை வெட்டிக் கோத்திருந்தார்கள். நீலம், கறுப்பு, பிறகு மறுபடி நீலம். நடுவில் ஊதா நிறத்தில் ஒரு சின்னத் துண்டு. அதில் ஒரு மஞ்சள் பூவின் பாதி தெரிந்தது. பூவுக்குப் பக்கத்தில் யாரோ ஊசியைச் சுடவைத்து ‘த’ என்று எழுதியிருந்தார்கள்.

“அம்மாதான் எழுதின. பாலர் பள்ளியில மாறிப்போகும் எண்டு,” என்றாள்.

அனுமதி கிடைத்த விதம்

இரண்டு வாரங்களுக்கு முன் என் வலது கை வலியைப் பற்றி இந்தப் பத்தியில் புலம்பியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மூன்று வாசகர்கள் மூன்று விதமான எண்ணெய்களைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். மூன்றையும் தடவிப் பார்த்தேன். பேருந்தில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்பதைத் தவிர வேறு பலன் இல்லை. தோளுக்கு மேலே கை போகாது. கரும்பலகையின் மேல் பாதி மாதக்கணக்காகச் சுத்தமாக இருக்கிறது. வைத்தியர் “வயசு ரீச்சர்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தக் கையோடுதான் சுற்றுலாவுக்கு அனுமதி வாங்க அலைந்தேன். எங்கள் பாடசாலை வந்தாறுமூலைப் பக்கம். நிலையம் அங்கிருந்து பேருந்தில் அரை மணி நேரம். பிள்ளைகள் இயற்கையைப் பார்ப்பதற்கு இந்த நாட்டில் ஐந்து கையொப்பம் வேண்டும். இயற்கை பிள்ளைகளைப் பார்ப்பதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. போன மாரியில் ஐந்தாம் வகுப்புக்குள் ஒரு உடும்பு எந்தக் கடிதமும் இல்லாமல் வந்து, இரண்டு பாடவேளை இருந்துவிட்டுப் போனது.

படிவத்தில் ‘சுற்றுலாவின் கல்விசார் நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘பிள்ளைகள் வாவியை அறிந்துகொள்ளல்’ என்று எழுதினேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டுப் பின்பக்கம் வாவிதான். காலையில் முகம் கழுவுவதே அதில்தான். அதிபர் வாசித்துவிட்டு, “நல்ல நோக்கம்,” என்று கையொப்பமிட்டார்.

அவருடைய தலைக்கு மேலே, சுவரில் மிக உயரத்தில், கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. அதை நான் பெருமையோடு பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சான்றிதழை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாவியை மறைத்த வாவி

நிலையம் புதிது. வண்ணப்பூச்சு மணக்கிறது. கட்டியவர்கள் என்ன யோசித்தார்களோ, முன்பக்கத்தை வீதிக்குக் காட்டி, முதுகை வாவிக்குக் காட்டிக் கட்டியிருந்தார்கள். வாவி தெரிய வேண்டிய சுவரில் ஒரு பெரிய ஓவியம். ஓவியத்தில் வாவி. அதில் ஒரு வாத்து நீந்துகிறது. மட்டக்களப்பு வாவியில் அப்படி ஒரு வாத்தை நான் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை.

வழிகாட்டியின் பெயர் டிலக்சன். பட்டம் முடித்து வந்த நல்ல பிள்ளை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

“மாணவச் செல்வங்களே, இந்தப் பொத்தானை அழுத்தினால் நமது புகழ்பெற்ற பாடும் மீனின் இசையைக் கேட்கலாம்,” என்றான்.

அழுத்தினோம். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினோம். உள்ளே ஏதோ ஒன்று ‘டிக்’ என்றது.

“பழுதாப் போச்சு ரீச்சர்,” என்று டிலக்சன் மனப்பாடத்தை விட்டிறங்கி மெதுவாகச் சொன்னான். பிறகு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே வாயைக் குவித்து, தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பினான். நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கைதட்டி இன்னொரு முறை கேட்டார்கள். பாவம், நான்கு முறை பாடினான்.

முற்றத்தில் ஒரு சீமெந்து முதலை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ‘முதலையில் ஏற வேண்டாம்’ என்று பலகை இருந்தது. பலகையை வாசித்துவிட்டுத்தான் ஏறினார்கள். பிறகு செயற்பாட்டுத் தாள் கொடுத்தார்கள். ‘இங்கு நீங்கள் கண்ட மூன்று பறவைகளின் பெயரை எழுதுக’ என்று ஒரு கேள்வி. இருபத்தெட்டுத் தாள்களில் ‘காகம், காகம், காகம்’ என்று இருந்தது. நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் உண்மையைத்தான் எழுதினார்கள்.

எல்லோருக்கும் மிகவும் பிடித்தது தண்ணீர் வடிக்கும் இயந்திரம். குளிர்ந்த நீரும் வரும், சுடுநீரும் வரும். அரை மணி நேரம் அதற்கு முன்னால் வரிசை நின்றது. அந்த வரிசையில் சேராத ஒரே பிள்ளை தனுசியா. அவள்தான் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

நான் சொன்ன முதல் பொய்

தனுசியா இந்த வருடம்தான் எங்கள் பாடசாலைக்கு வந்தாள். அதற்கு முன் படுவான்கரையில், அதாவது வாவிக்கு அந்தப் பக்கம், ஒரு கிராமத்தில் படித்தாள். அப்பா யோகராசா வாவியில் மீன் பிடித்தவர். இப்போது வந்தாறுமூலையில் கட்டட வேலையில் சீமெந்து குழைக்கிறார். ஏன் தொழிலை விட்டார் என்று நான் கேட்டதில்லை. பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி, அது எனக்குப் போதுமாக இருந்தது.

“இப்பிடிச் செருப்பு ஆயிரம் இருக்கும் புள்ள,” என்றேன்.

“த எழுதினதுமா ரீச்சர்?”

டிலக்சன் வந்து, மெல்லிய நைலோன் இழையில் பின்னும் தங்கூசி வலை எப்படி மீன்குஞ்சுகளை அழிக்கிறது என்று தொடங்கினான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் மூச்சு வாங்கிய இடத்தில், “அண்ணா, தங்கூசி எண்டா மினுங்கும். இது நூல்,” என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தான். தனுசியா வலையின் ஒரு கண்ணுக்குள் இரண்டு விரலை விட்டாள். மூன்றாவது விரலும் போனது.

“குஞ்சு மீன் எல்லாம் இதுக்குள்ளால போயிரும். அப்பா அதுக்குத்தான் இந்தக் கண் வாங்கின. பெரிய ஓரா மீனும் மணலையும்தான் படும்.”

டிலக்சனின் முகம் சிவந்தது. “எனக்குத் தந்ததத்தான் நான் வச்ச ரீச்சர்,” என்றான். தன் பிழை இல்லை என்று காட்டுவதற்காக, வலைக்கு அடியில் இருந்த ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். நான் வாங்குவதற்குள், தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, முப்பது குரலில் சத்தமாக வாசித்தார்கள்.

‘கரையோரச் சிரமதானத்தின்போது கைவிடப்பட்ட நிலையில் மீட்கப்பட்டது. அன்பளிப்பு:’ என்று தொடங்கி, எங்கள் பாடசாலையின் பெயரில் முடிந்தது.

அவர்களுக்கு அவ்வளவு தெளிவாக வாசிக்கப் பழக்கியது நான்தான்.

முதல் பரிசு

அது போன மாரிக்கு முன். பல பாடசாலைகள் சேர்ந்து வாவிக்கரையைச் சுத்தம் செய்தோம். ஆளுக்கொரு தொப்பி, கையுறை, பின்னால் ஒரு பெரிய பதாகை. பதாகையைக் கட்டுவதற்கு ஒரு மணி நேரம், படம் எடுப்பதற்கு ஒரு மணி நேரம், குப்பை பொறுக்க நாற்பது நிமிடம். யார் அதிக நிறை குப்பை சேர்க்கிறார்களோ அவர்களுக்கு முதல் பரிசு.

நான் சூழல் கழகத்தின் பொறுப்பாசிரியை. எங்களுக்கு ஒதுக்கிய இடம் படுவான்கரையில் ஒரு துறை. பிளாத்திக்குப் போத்தல்கள் ஏராளம் கிடைத்தன. ஆனால் போத்தலில் என்ன நிறை இருக்கிறது? பக்கத்துப் பாடசாலை ஒரு லொறி ரயரை உருட்டிக்கொண்டு போனது. எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் கண்டல் மரத்தின் மேல் ஒரு வலை கிடந்ததைக் கண்டேன். ஆளில்லை. கிழிந்த செருப்புகள் வேறு தொங்கின. பட்டணத்தில் பிறந்த, மெதடிஸ்த ஞாயிறு பாடசாலையில் வளர்ந்த, மீனைச் சந்தையில் மட்டும் சந்தித்த எனக்கு அது குப்பையாகவே தெரிந்தது. வலையை அலசினால் மரத்தில்தான் காயப்போடுவார்கள் என்பது கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அன்று என்னோடு வந்தவர்கள் எல்லாம் உயர்தர வகுப்புப் பிள்ளைகள். ரீச்சர் சொன்னால் சரி என்று நினைக்கும் வயது, அல்லது சீக்கிரம் வீட்டுக்குப் போனால் சரி என்று நினைக்கும் வயது.

நானே இழுத்தேன். வலது கையால் தலைக்கு மேலே எட்டி, இந்தக் கையால், கொப்பிலிருந்து பிடுங்கினேன். எதிர்பார்த்ததைவிட நல்ல பாரம். அடிக்கயிறு முழுக்க ஈயம். அந்த ஈயத்தின் புண்ணியத்தில் ரயரை வென்றோம். மேடையில் சான்றிதழை நான் வாங்கினேன். அதிபர் அதை அவருடைய தலைக்கு மேலே மாட்டினார்.

வலை குப்பைக்குக்கூடப் போகவில்லை. நிலையம் திறக்கும்போது ஒரு எதிரி தேவைப்பட்டிருக்கிறது.

“அப்ப மாமா எடுக்கல்ல”

பிள்ளைகள் வாசித்து முடித்ததும் தனுசியா என்னைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

“அப்ப மாமா எடுக்கல்ல. என்ன ரீச்சர்?” என்றாள்.

முதலையின் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். தோணி மாமாவுடையது, வலை அப்பாவுடையது. இருவரும் சேர்ந்துதான் தொழில். அன்று அப்பா வயல்வெட்டுக்குப் போயிருந்தார், மாமா மட்டும்தான் துறையில் நின்றுவிட்டுப் போனாராம். மாலையில் வலை இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் எடுத்திருப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? அப்பா மாமாவைக் கேட்டார். கேட்ட விதம் சரியில்லை. சண்டை வந்தது. தோணியும் போனது, தொழிலும் போனது. வீட்டை விட்டு இந்தக் கரைக்கு வந்தார்கள்.

“மாமாட மகள் பெரியபிள்ளையானதுக்கும் அப்பா போக விடல்ல,” என்றாள். “மாமா எனக்கு நண்டு சுட்டுத் தாற.”

நான் கையில் வைத்திருந்த பெயர்ப்பட்டியலால் முகத்தை மறைத்துக்கொண்டேன். வெயிலுக்கு என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். வெட்கமாக இருந்தது. இந்தப் பிள்ளை என் வகுப்பில் உட்கார்ந்திருப்பதே என் முதல் பரிசால்தான்.

நிலையப் பொறுப்பாளரிடம் போய் வலையைக் கேட்டேன். அவர் மரியாதையான மனிதர். வலை யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய கவலை வேறு.

“வாற கிழமை பிரதம விருந்தினர் வாறார் ரீச்சர். பெட்டி வெறுமையா கிடந்தா என்ன சொல்லுற? வேற ஏதாவது எதிரி இருந்தா தாங்களேன்.”

எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பின்னாலிருந்து, “ரீச்சர்ட போட்டோவ வைக்கலாம்,” என்றாள். யாரென்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் பொறுப்பாளர் ‘பராமரிப்புக்காக அகற்றப்பட்டுள்ளது’ என்று ஓர் அட்டை எழுதிப் பெட்டிக்குள் வைத்தார். அவருக்கும் நிம்மதி.

எந்தக் கை?

அன்று மாலையே தனுசியாவோடு அவர்களுடைய வாடகை அறைக்குப் போனேன். யோகராசா வேலையால் வந்து கை கால் கழுவிக்கொண்டு நின்றார். முழங்கையில் இன்னும் சீமெந்து இருந்தது. வலை இருந்த பையை இடது கையால் தூக்கி வைத்தேன். அவர் வலையை வெளியே எடுத்து, ஒவ்வொரு மிதப்பாகத் தடவிப் பார்த்தார். ஊதாத் துண்டில் நின்றார்.

நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். மேடை, சான்றிதழ், லொறி ரயர் எல்லாம். அவர் நிமிரவில்லை. கதவடியில் நின்ற அவருடைய மனைவிதான் பேசினார்.

“எண்ட தம்பிய எட்டு மாசமா கள்ளன் எண்டீங்க.” அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். பானை ஒன்று பலமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது.

யோகராசா வலையைப் பார்த்தபடியே, “ரீச்சர், நீங்க இத அங்கயே வச்சிருந்திருக்கலாம்,” என்றார்.

“ஏன்?”

“வலை போனா இன்னொண்டு வாங்கலாம். இப்ப மச்சானிட்ட எந்த மூஞ்சோட போற?” வலையை மடித்தார். மறுபடி விரித்தார். “அது மட்டும் இல்ல. சித்தாண்டியில முருகனுக்கு முன்னால தேங்காய் அடிச்சனான். எடுத்தவன்ட கை விளங்காமப் போகணும் எண்டு. ஊரே பார்த்திட்டு நிண்ட. ஆர நினைச்சு அடிச்ச எண்டு எல்லாருக்கும் தெரியும்.”

அவர் என் தோளைப் பார்த்தார். பையை நான் தூக்கி வைத்த விதத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

“எந்தக் கை ரீச்சர்?”

“வலது,” என்றேன்.

“எப்ப இருந்து?”

“எட்டு மாசம்.” உடனே, “வயசுதான் எண்டு டொக்டர் சொன்னவர்,” என்று சேர்த்துக்கொண்டேன்.

“ஓம், ஓம். வயசுதான்,” என்றார் அவசரமாக. ஆனால் கையெடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

சித்தாண்டியில்

வெள்ளிக்கிழமை போனோம். சொன்ன சொல்லைச் சொன்ன இடத்தில்தான் திருப்பி எடுக்க வேண்டுமாம், குற்றம் சுமந்தவனும் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். மச்சான் கிருபாகரனிடம் தூது போனது நான்தான். கதையைக் கேட்டுவிட்டு, “வாறன் ரீச்சர்,” என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டார்.

நான் மெதடிஸ்த சபையில் மாதர் சங்கச் செயலாளர். முருகன் கோயில் வெளிவீதியில், குற்றவாளியாக, எண்ணெய் மணக்கும் தோளோடு நின்றேன். போதகர் இதைப் படித்தால் அது ஒரு கள ஆய்வு என்று எடுத்துக்கொள்ளட்டும்.

யோகராசா கற்பூரம் கொளுத்தி, மெதுவாக ஏதோ சொல்லிக் கும்பிட்டார். பிறகு மச்சானின் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். மூடினார். ஊரைக் கூட்டிச் சத்தம் போட்ட மனிதருக்கு இப்போது ஒரு சொல் வரவில்லை.

கிருபாகரன் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். காய்த்துத் தடித்த கை.

“எட்டு மாசமா இந்தக் கையாலதான் தோணி வலிக்கிறன் மச்சான்,” என்றார். “நீ தேங்காய் அடிச்ச. எண்ட கைக்கு ஒண்டும் வரல்ல. ஒவ்வொரு நாளும் காலையில இதப் பார்ப்பன். இண்டைக்காவது உனக்கு விளங்கும், வருவாய் எண்டு நினைப்பன்.”

யோகராசா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. தனுசியா இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, நண்டைப் பற்றி ஏதோ கேட்டாள்.

மேல் சுவர்

அடுத்த தவணைக்கு அவர்கள் படுவான்கரைக்கே திரும்பினார்கள். தோணி ஒன்று, வலை ஒன்று, பழையபடி. தனுசியா விடுகைப் பத்திரம் வாங்க வந்தாள். கணக்கில் கெட்டிக்காரியை இழக்கிறேன் என்ற துக்கம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

அதிபரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தேன். அவர் சான்றிதழ் சுவரிலேயே இருக்கட்டும் என்றார். கழற்றினால் அந்த இடத்தில் சுண்ணாம்பு வேறு நிறமாகத் தெரியுமாம். அன்று அவர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்.

சான்றிதழை நானே கழற்றக் கதிரையில் ஏறிப் பார்த்தேன். கை தோளோடு நின்றுவிட்டது. சொல்லைத் திருப்பி எடுத்து ஒரு மாதமாகியும் என் கோப்பு முருகனின் மேசைக்குப் போகவில்லை போலும், அல்லது வைத்தியர் சொன்னதுதான் சரி.

“இறங்குங்க ரீச்சர், நான் எடுக்கிறன்,” என்று தனுசியா கதிரையில் ஏறினாள். எட்டாததால் இறங்கி, கதிரைக்கு மேலே ஒரு முக்காலியை வைத்து மறுபடி ஏறி, ஆணியிலிருந்து சட்டத்தை விடுவித்தாள். தூசியை ஊதினாள். எங்கள் பாடசாலையின் பெயரையும் ‘முதல் பரிசு’ என்பதையும் சத்தமாக வாசித்துவிட்டு, குனிந்து என்னிடம் நீட்டினாள்.

நல்ல பொருளை இடது கையால் வாங்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

இடது கையால் வாங்கினேன்.